நாலாவது வாக்கியம்

எங்கள் ஆபீஸில் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கிற மெஷினை மாட்டிய முதல் நாளே எங்களிடம் வேலை பார்த்த மேடத்துக்கும் அதற்கும் சண்டை வந்துவிட்டது. ஜெயங்கொண்டத்துப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற குடும்பம் அவருடையது. பள்ளிக்கூட லீவு நாட்களில் உட்கார்ந்து கொட்டை உடைத்ததில், ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்களில் ரேகை பாதி அழிந்து போயிருந்தது. விரலை வைத்தார். மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டு, அப்படி ஓர் ஆளே இல்லை என்றது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் இல்லை என்றது. நான் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

“சிரிக்காதீங்க சார். இது என்ன சொல்லணும்? யாருன்னு தெரியலைன்னு சொல்லணும். எதிர்ல குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், இல்லைங்குது!”

“மெஷின்தானே மேடம், விடுங்க.”

“மெஷின்தான். தனக்குத் தெரியாததெல்லாம் உலகத்துலயே இல்லைன்னு நெனைக்கிற மெஷின். இதை நம்பி மாசக் கடைசியில எனக்குச் சம்பளம் போடாம விட்டுடுவீங்க.”

அந்த வாரமே மெஷினைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டேன். அவருடன் வாதாடி ஜெயிப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

பெரம்பலூரில் துறையூர் ரோட்டில், ஓர் உரக்கடை மாடியில் இருந்தது என் ஆபீஸ். நாலைந்து கம்ப்யூட்டர், ஓயாமல் சத்தம் போடும் ஒரு ஏசி. அவர் அரியலூரில் வீடு எடுத்துத் தங்கிக்கொண்டு தினமும் பஸ்ஸில் வந்து போனார். என் வயதுதான் இருக்கும். ஆனால் மாடிப்படி ஏறி வரும்போதே கீழே உரக்கடைக்காரரிடம் ஏதாவது ஒரு வம்பை இழுத்துவிட்டுத்தான் வருவார். அவர் சிரிப்பு முதலில் மேலே வரும், அப்புறம்தான் ஆள் வருவார். கைப்பையில் எப்போதும் உடைந்த முந்திரிப்பருப்பு ஒரு டப்பா இருக்கும். “முழுசு விக்கிறதுக்கு, உடைஞ்சது எங்களுக்கு” என்று எல்லோருக்கும் நீட்டுவார்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் அமைப்புக்குத் தெரிந்ததை இன்னொரு அமைப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது. ஒன்று தன் அறிவை ‘இப்படியானால் இப்படி’ என்று வாக்கியம் வாக்கியமாக வைத்திருக்கும். இன்னொன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் உண்டு, இல்லை என்று குறித்து வைத்திருக்கும். நாங்கள் அதைத் தூக்கி இதில் கொட்ட வேண்டும். நானாக இருந்தால் நேராகக் கொட்டிவிடுவேன். அவர் விடமாட்டார். முதலில் எல்லாவற்றையும் தர்க்கத்தின் குறியீடுகளில் எழுதுவார். தலைகீழாக நிற்கும் இங்கிலீஷ் ஏ, திரும்பி நிற்கும் இங்கிலீஷ் ஈ, அம்புக்குறி என்று வெள்ளைப் பலகை முழுக்க நிரப்புவார். அதிலிருந்துதான் புது அமைப்புக்குப் போவார். போன பிறகு, புது அமைப்பில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பப் பலகைக்கு வருவார். போனதும் வந்ததும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார். ஒருமுறை வாடகை வாங்க மேலே வந்த உரக்கடைக்காரர் பலகையைப் பார்த்துவிட்டு, “இது எந்தச் சாமிக்குண்டான எந்திரம்?” என்று பயபக்தியோடு கேட்டார். மேடம் சிரித்த சிரிப்பில் அவர் வாடகையை மறந்து இறங்கிப் போனார்.

“சொன்னது எல்லாம் போகணும் சார். சொல்லாதது ஒண்ணுகூடப் போகக்கூடாது.” இதுதான் அவர் பேச்சு. வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னார், வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பதற்கு எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது! செய்து பார்த்தால்தான் தெரியும், மனுஷன் வாயைத் திறந்தாலே சொல்லாதது பாதி வந்து சேர்ந்துகொள்கிறது என்பது.

முதல் வேலையே சின்ன வெங்காயம். வெங்காய விவசாயிகளுக்கு யோசனை சொல்கிற ஒரு பழைய அமைப்பிலிருந்து, போனுக்குச் செய்தி அனுப்புகிற ஒரு புது அமைப்புக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பழையதில் ‘மழை பெய்தால் அன்றைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம்’ என்று ஒரு விதி. புது அமைப்பில் ஒவ்வொரு விதிக்கும் கீழே ‘இல்லாவிட்டால்’ என்று இன்னொரு கட்டம் காலியாக இருந்தது. காலியாக ஒரு கட்டம் இருந்தால் நமக்குக் கை அரிக்கும் அல்லவா? எங்களிடம் வேலை பார்த்த பையன் ஒருவன் அதில் ‘தண்ணீர் பாய்ச்சவும்’ என்று நிரப்பிவிட்டான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மேடம் புது அமைப்பிலிருந்து பலகைக்குத் திரும்பி வரும் வழியில் அதைப் பிடித்தார். “யார் சொன்னா இதை?”

“மழை பெஞ்சா வேணாம்னா, பெய்யலைன்னா வேணும்னுதானே அர்த்தம்?” என்றேன்.

“எனக்குக் காய்ச்சல் வந்தா நான் ஆபீசுக்கு வரமாட்டேன். காய்ச்சல் இல்லாத ஞாயித்துக்கிழமை வருவேனா?”

அவர் அந்தக் கட்டத்தைத் திரையில் தொட்டுக் காட்டினார்.

“மழை பெய்யாத ஒவ்வொரு நாளும் இந்த மெஷின் தண்ணி விடு, தண்ணி விடுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். மண்ணு ஈரமா இருந்தாலும் சொல்லும், அறுப்புக்கு முந்தின நாளும் சொல்லும். வெங்காயம் அழுகிப் போனா குரும்பலூர் விவசாயி நம்ம மாடிக்குத்தான் வருவான். உங்களைத்தான் தேடுவான்.”

அந்தக் கட்டத்தில் ‘ஒன்றும் சொல்லாதே’ என்று போட்டார். பிறகு சில நாள் விவசாயிகளிடமிருந்து போன் வந்தது, செய்தியே வரவில்லையே என்று. அவரே எடுத்துப் பேசுவார். “சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னா வராதுங்க. வந்தா கேளுங்க, வரலைன்னா உங்க மனசுப்படி செய்யுங்க.” எத்தனை பேருக்குப் புரிந்ததோ தெரியாது. ஆனால் அழுகிய வெங்காயத்தோடு எவரும் மாடி ஏறவில்லை.

ஆபீஸோடு இது நின்றிருந்தால் நன்றாக வேலை செய்கிறவர் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். வெளியிலும் அப்படியேதான். வானம் கறுத்து நிற்கும். “மழை வருமா மேடம்?” என்றால் “மேகம் இருக்கு” என்பார். அவ்வளவுதான் கிடைக்கும். அரியலூரில் அவர் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் விசாரிக்க வந்தவர்கள் இவரிடம் கேட்டிருக்கிறார்கள், பையன் குடிப்பானா என்று. “நான் பார்த்ததில்லைங்க” என்றிருக்கிறார். “அப்ப குடிக்க மாட்டான்னு சொல்லுங்க” என்றிருக்கிறார்கள். “அதை நான் சொல்லலை” என்றிருக்கிறார். வந்தவர்கள் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். பையனின் அம்மா தெருவில் நின்று ஒரு மூச்சுக் கத்தித் தீர்த்தார். ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க என்று நானும் கேட்டேன்.

“பையன் நல்லவன் சார். குடிக்கவே மாட்டான்னுதான் நானும் நெனைக்கிறேன். நெனைக்கிறதைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டு, நாளைக்கு அந்தப் பொண்ணு என் வாசல்ல வந்து நின்னா?” என்றார். இரண்டு நாள் கழித்து அவரே பெண் வீட்டுக்குப் போய், தான் பார்த்தது எவ்வளவு, பார்க்காதது எவ்வளவு என்று விவரமாகச் சொல்லிவிட்டு வந்தார். கல்யாணம் நடந்தது. பையனின் அம்மா மட்டும் கடைசிவரை அவரிடம் பேசவில்லை.

எனக்கும் ஒருமுறை அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அப்பாவைத் திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான் ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு பெரம்பலூரிலேயே இருந்தேன். அங்கிருந்து பேசிய சொந்தக்காரர்கள் எல்லோரும் “ஒண்ணுமில்லப்பா, நல்லாயிட்டாரு, நீ வேலையை முடிச்சிட்டு நிதானமா வா” என்றார்கள். மேடத்தின் சித்தி மகள் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதால் நீங்களும் ஒரு போன் போட்டுக் கேளுங்கள் என்றேன். கேட்டார். போனை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்து நின்றார்.

“நல்லாயிட்டார்னு டாக்டர் சொல்லலை சார். மோசம்னும் சொல்லலை. சொந்தக்காரங்க யாராவது பார்க்கணும்னா இன்னிக்கு வந்து பார்த்துக்கட்டும்னு சொல்லியிருக்கார். இவ்வளவுதான் சொன்னது.”

ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்க்கத் தெரியாத பொம்பளை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன். அப்பா விழித்திருந்தார். சாயங்காலம் வரை பேசினார். வயலைப் பற்றி, என் தங்கச்சியைப் பற்றி, நான் சின்ன வயதில் மாட்டுவண்டியிலிருந்து விழுந்ததைப் பற்றி. மறுநாள் அவருக்குப் பேச்சு இல்லை. எனக்கு அந்த ஒரு சாயங்காலம் கிடைத்தது மேடத்தால்தான். அதை நான் அவரிடம் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

இனி அந்த முந்திரித் தோப்பு விஷயத்துக்கு வருகிறேன். அவரை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

உடையார்பாளையம் பக்கம் ஒரு சோலார் கம்பெனி முந்திரித் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, மரத்தைத் தள்ளி, நிலத்தைச் சமன்படுத்திக்கொண்டிருந்தது. என் தங்கச்சி வீட்டுக்காரர் அங்கே ஜேசிபி ஓட்டினார். எங்களுக்கு அந்த வேலை வந்ததே அவர் சொல்லித்தான். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு குழு ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பற்றி விவசாயிகளிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை வாக்கியம் வாக்கியமாக ஓர் அமைப்பில் சேர்த்து வைத்திருந்தது. எங்கே ஓடை, எங்கே பழைய கிணறு, எங்கே மண் உள்வாங்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. கம்பெனியின் அமைப்போ ஒரு வரைபடம். நிலம் முழுக்கக் கட்டங்கள். ஆபத்து உள்ள கட்டம் சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை. ஜேசிபி ஆபரேட்டர் கையில் இருக்கும் டேப்லெட்டில் அந்தப் படம் வரும். பச்சையில் வண்டியை விடலாம்.

மேடம் முதல் நாளே கேட்டார், “தெரியாததுக்கு என்ன கலர்?” என்று. அப்படி ஒரு கலர் இல்லை என்றார் கம்பெனி இஞ்சினியர். “அப்ப தெரியாததெல்லாம் பச்சை. நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு அவர் பலகைக்குத் திரும்பினார்.

வேலை முடிகிற நேரத்தில் ஓரிடத்தில், வாக்கியங்கள் ஒன்றோடொன்று மோதுகிறதா என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் அவருடைய தர்க்கப் பரிசோதனை நின்றுவிட்டது. ஒரே தோப்பு, அண்ணன் தம்பி இரண்டு பேருக்குப் பாகம் பிரித்தது. அதைப் பற்றி மூன்று வாக்கியங்கள். தோப்பில் அப்பா காலத்தில் தோண்டிய உறைக்கிணறு ஒன்று உண்டு, வற்றியதும் பனங்கட்டை போட்டு மூடியாயிற்று. இது இருவருமே சொன்னது. என் பங்கில் கிணறு கிடையாது என்று அண்ணன் சொன்னது. என் பங்கில் கிணறு கிடையாது என்று தம்பி சொன்னது. கிணறு உண்டு, ஆனால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. இவை ஒன்றாக நிற்க முடியாது என்று பரிசோதனை சொன்னது.

“ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றார். மூடின கிணறு இருக்குன்னு தெரிஞ்சா குத்தகை போயிடும்னு பயந்திருப்பார்” என்றேன்.

கம்பெனி இஞ்சினியருக்குப் போன் போட்டேன். அவர் இன்னும் சுலபமாக முடித்தார். “ரெண்டு பேருமே இல்லைன்னுட்டாங்கல்ல சார்? பச்சை போட்டு விடுங்க. எங்க சூப்பர்வைசரும் அவங்ககிட்டப் பேசிட்டாரு. ஆளாளுக்கு அடுத்தவன் பக்கம் கையைக் காட்டறாங்க.”

மேடம் முந்திரி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு நேரம் போயிற்று. நான் அரியலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சாடை காட்டினேன். அவர் அசையவில்லை.

“சார், இந்த மூணும் மோதலை.”

“மோதுதுன்னு உங்க மெஷினே சொல்லுதே.”

“இந்த மூணு மட்டும் இருந்தா மோதாது. நாலாவதா ஒண்ணு உள்ள இருந்தாதான் மோதும். இங்க பாருங்க. கிணறு தோப்புல இருக்கு. அண்ணன் பங்குல இல்லை. தம்பி பங்குல இல்லை. இது தப்புன்னு எப்பச் சொல்லலாம்? அண்ணன் பங்கும் தம்பி பங்கும் சேர்ந்தா தோப்பு முழுசும் ஆயிடுச்சு, வெளியில ஒரு அடி மண்ணுகூட மிச்சமில்லைன்னா சொல்லலாம். அந்த வாக்கியத்தை யார் சொன்னா?”

தேடிப் பார்த்தோம். அண்ணன் சொல்லவில்லை. தம்பி சொல்லவில்லை. கேட்டு எழுதிய குழுவும் சொல்லவில்லை. கம்பெனியின் வரைபடம்தான், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சொந்தக்காரன் இருந்தே ஆக வேண்டும் என்று, இரண்டு பங்கையும் இழுத்து ஒட்ட வைத்திருந்தது.

“ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்காங்க. பொய் நம்ம பக்கத்துல இருந்து வந்திருக்கு” என்றார் மேடம். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “உங்க மாப்பிள்ளைக்கு நாளைக்கு எந்தத் தோப்புல வேலைன்னு சொன்னீங்க?”

அதே தோப்புதான்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். “மேப்புல பச்சையா இருக்கே மச்சான்” என்றார். நாங்கள் கொடுத்திருந்த அரைகுறை வேலையையே கம்பெனி ஏற்றிவிட்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். “நான் எடுக்கலைன்னா வேற வண்டியைக் கூப்புடுவாங்க மச்சான். அவன் எடுப்பான். அவனும் புள்ளைகுட்டிக்காரன்தானே? நீங்க விடிஞ்சதும் வாங்க. வண்டியை ஸ்டார்ட் பண்ணி வெச்சிக்கிட்டு, ஆயில் பார்க்கறேன் அது இதுன்னு கொஞ்ச நேரம் இழுத்துக்கிட்டு நிக்கறேன்” என்றார்.

இரண்டு பங்கையும் மொத்தமாகச் சிவப்பாக்கி அனுப்பிவிடலாமா என்று மேடத்திடம் கேட்டேன்.

“அதுவும் யாரும் சொல்லாததுதான் சார். தோப்பு முழுக்கச் சிவப்புன்னா ஒரு நாள் பார்ப்பாங்க, மறுநாள் அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணு பைத்தியம்னு சொல்லிட்டுப் பச்சையாக்கிடுவாங்க. போய்க் கேட்டுடுவோம்.”

காலையில் என் பழைய காரில் கிளம்பினேன். வழியில் அரியலூரில் அவரை ஏற்றிக்கொண்டேன். சிமெண்ட் லாரிகள் கிளப்பிய வெள்ளைப் புழுதிக்குள் புகுந்து போனோம். மேடம் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

தோப்பு ஓரத்தில் ஜேசிபி உறுமிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை கேபினில் உட்கார்ந்து ஒரு துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்ததையே. தொப்பி போட்ட சூப்பர்வைசர் பொறுமையில்லாமல் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். அண்ணன் ஒரு மரத்தடியில் நின்றார். அறுபதைத் தாண்டியவர், தலையில் துண்டு. தம்பி பத்தடி தள்ளி இன்னொரு மரத்தடியில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாகம் பிரித்த தகராறிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லையாம், மாப்பிள்ளை கேபினிலிருந்து குனிந்து என் காதில் சொன்னார்.

மேடத்தைப் பார்த்ததும் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். “யம்மா, நீதான் கம்ப்யூட்டர்காரம்மாவா? என் பங்குல கிணறு இருக்குன்னு அவன் சொன்னானாமே. எந்த வாயால சொன்னான்னு அவங்கிட்டக் கேளு.”

பத்தடி தூரத்தில் தம்பிக்கு அது கேட்காமலா இருக்கும்? ஆனாலும் மேடம் அங்கே போய் வார்த்தை மாறாமல் கேட்டார்.

“நான் எப்பம்மா சொன்னேன்? அவருதான் என் பக்கம் கையைக் காட்டியிருக்காரு. ஊரெல்லாம் என்னைப் பொய்யனாக்கிட்டாரு. அதைப் போய்ச் சொல்லுங்க அவருகிட்ட.”

அதையும் கொண்டுவந்து சொன்னார். இப்படி இரண்டு மூன்று தடவை முந்திரிச் சருகை மிதித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அவருக்குப் போகவில்லை. நடுவில் ஓரிடத்தில் நின்று, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

“ஐயா, நீங்க ரெண்டு பேரும் சொன்னதை ஒரு எழுத்து விடாம நான் படிச்சிருக்கேன். என் பங்குல இல்லைன்னு நீங்க சொன்னீங்க. அவரும் என் பங்குல இல்லைன்னுதான் சொன்னாரு. அவன் பங்குல இருக்குன்னு நீங்களும் சொல்லலை, அவரும் சொல்லலை. அது நடுவுல யாரோ சேர்த்தது.”

சூப்பர்வைசருக்கு அந்த நேரம் பார்த்து போனில் ஏதோ அவசரமாகப் பார்க்க வேண்டியிருந்தது.

“சத்தியமாவா?” என்றார் அண்ணன். யாரைக் கேட்டார் என்று சொல்ல முடியாது.

“நான் இப்ப வேற ஒண்ணு கேக்கறேன்” என்றார் மேடம். “பாகம் பிரிச்சப்ப, ரெண்டு பேருக்கும் இல்லாம எதையாவது பிரிக்காம விட்டீங்களா?”

“கிணத்தை எப்படிம்மா பிரிப்பாங்க?” அண்ணன் அவரை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். “வத்துனாலும் கிணறு கிணறுதானே. கிணறும் அதைச் சுத்தி இருக்கிற எடமும், அதுக்குப் போற பாதையும் பொதுவுல வுட்டுட்டோம். அது என் பங்குல எப்படி வரும்?”

அங்கிருந்து தம்பியின் குரலும் அதே நேரத்தில் வந்தது. “பொதுவுல கெடக்கறதை என் பங்குன்னு நான் எப்படிங்க சொல்ல முடியும்?”

“எங்கே இருக்குன்னு தெரியுமா ஐயா?”

“தெரியாம? நாங்களே மூடின கிணறு.”

“அப்ப ஏன் இத்தனை நாளா சொல்லலை?” என்று நான் கத்தியே விட்டேன்.

“யாரு கேட்டா?” என்றார் அண்ணன். “பங்குல இருக்கான்னு கேட்டாங்க, இல்லைன்னு சொன்னோம்.”

அண்ணன் தன் பங்கு வழியாக உள்ளே நடந்தார். தம்பி தன் பங்கு வழியாக. நாங்கள் அண்ணன் பின்னால் போனோம். கிளைகள் தரை வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்த ஓரிடத்தில் அண்ணன் நின்று, கையைப் பக்கவாட்டில் நீட்டி எங்களைத் தடுத்தார். எதிர்ப்பக்கம் கிளைகளுக்கு அந்தப்புறம் தம்பியும் வந்து நின்றுவிட்டார். நடுவில் வெறும் சருகுதான். மற்ற இடத்தில் கிடக்கிற மாதிரியேதான் கிடந்தது. நானாக இருந்தால் நடந்து தாண்டியிருப்பேன்.

மாப்பிள்ளை வண்டியிலிருந்து இறங்கி வந்து டேப்லெட்டைப் பார்த்தார். நாங்கள் நின்ற இடம் பச்சை. எதிரே சருகு கிடந்த இடமும் பச்சை. அன்றைக்கு வண்டி முதலில் இறங்க வேண்டிய வழியே அதுதான். அவர் கீழே கிடந்த ஒரு பெரிய சுண்ணாம்புக் கல்லை இரண்டு கையாலும் தூக்கி நடுவில் போட்டார். சருகோடு சேர்ந்து கல் காணாமல் போயிற்று. உளுத்த கட்டை முறிகிற சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. கொஞ்சம் கழித்து அடியிலிருந்து ஒரு மொத்தென்ற ஓசை மட்டும் வந்தது.

மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் தங்கச்சி முகம் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். மேடம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

குழி எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்க அண்ணன் கிளையைப் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தார்.

“அண்ணே! காலை வெக்காதே! கட்டை பூரா உளுத்துப் போயிருக்கு!” எதிர்ப்பக்கத்திலிருந்து தம்பி அலறினார்.

அண்ணன் அப்படியே நின்றார். எடுத்த காலைப் பின்னால் வைத்தார். கிளையை விடவில்லை. மெல்லத் தலையைத் திருப்பி மேடத்தைப் பார்த்தார்.

“என்னம்மா சொல்றான் அவன்?”

மேடம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நான் சொல்ல மாட்டேன் ஐயா. கூப்பிட்டது உங்களை. நீங்களே கேளுங்க.”

காற்றில்லை. ரோட்டில் ஒரு லாரி போகிற சத்தம் தேய்ந்துகொண்டே போனது. அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுந்தத் துடைத்தார். பிறகு கிணற்றுக்கு அந்தப்பக்கம் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“எனக்குத் தெரியும்டா. நீ மொதல்ல தள்ளி நில்லு.”